சிவப்புத் தொட்டி, நீல உதடு

அன்று பட்டறையில் ஓடியது சிவப்பு மட்டும்தான். நீலத் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அப்படியிருக்க, நிறுவை அறையிலிருந்து வெளியே வந்த தராசு அண்ணாச்சியின் உதடு நீலமாக இருந்தது.

முதலில் எனக்கு அது உறைக்கவில்லை. சாயப் பட்டறையில் யாருக்குத்தான் சொந்த நிறம் இருந்தது? உள்ளங்கை சிவப்பாகவும் முழங்கை பச்சையாகவும் ஆட்கள் நடமாடுவார்கள். அவர் குழாயடியில் குந்தி, கையில் சோப்பைப் போட்டுத் தேய்த்தார். விரல்களில் இருந்த மஞ்சள் கொஞ்சம் கரைந்தது. நகங்களுக்கு அடியில் இருந்த நீலம் மட்டும் போகவில்லை. அது மேலே ஒட்டிய நிறம் இல்லை, உள்ளிருந்து தெரிகிற நிறம் என்று அப்போதுதான் பட்டது.

"என்ன டீச்சர், அப்படி உத்துப் பாக்கிய?" என்று கேட்டுச் சிரித்தார். சிரிக்கும்படி யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

நான் டீச்சர் இல்லை. என் அப்பாவும் அம்மாவும் சபைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள். பாளையங்கோட்டையில் ரசாயனம் படித்துப் பட்டம் வாங்கிவிட்டு இரண்டு வருடம் வீட்டில் இருந்தேன். அப்பாவுக்குச் சங்கரன்கோவிலுக்கு மாற்றல் வந்தது. அங்கே விசைத்தறிகளுக்கு நூலுக்குச் சாயம் போட்டுக் கொடுக்கும் பட்டறை ஒன்றின் முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார். "படிச்ச பிள்ளை ஒண்ணு பட்டறையில இருந்தா சாயக் கம்பெனிக்காரன் நம்மள மதிப்பான் சார்" என்றார். அப்பா யோசித்தார். அம்மா சரி என்றாள். எண்பதுகளின் தொடக்கத்தில் அப்படித்தான் நான் அந்த ஓட்டுக் கொட்டகைக்குள் போனேன். கண்ணாடி போட்டிருந்ததாலோ அம்மாவின் வேலையாலோ எல்லோருக்கும் டீச்சர் ஆனேன்.

எங்கள் பட்டறையின் பெயரே அதன் சிவப்பால்தான் இருந்தது. கல்யாணச் சேலைக்கு அந்தக் குங்குமச் சிவப்பு வேண்டும் என்று தறிக்காரர்கள் காத்திருந்து வாங்குவார்கள். அதை உண்டாக்கும் விதம் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பயம் தருவது. நூலை முதலில் ஒரு தண்ணீரில் ஊறவைத்துப் பிழிவோம். அது வெளிறிப்போய் எதற்கும் ஆகாததுபோல இருக்கும். பிறகு ஐஸ் போட்ட இன்னொரு தண்ணீரில் முக்குவோம். கண் இமைப்பதற்குள் நூல் முழுக்க ரத்தமாகச் சிவந்துவிடும். இரண்டு தண்ணீரிலும் சிவப்பு கிடையாது. அது எங்கிருந்து வந்தது என்று வாய்பாடு எழுதி என்னால் காட்ட முடியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் என் கை தானாகப் பின்னால் போகும்.

இரண்டாவது தண்ணீருக்கு வேண்டியது ஒரு மஞ்சள் தூள். பேஸ் என்று சொல்வோம். தகர டிரம்மில் வரும். காற்றில் பறந்துவிடும் என்பதற்காக வடக்கு மூலையில் சன்னல் இல்லாத ஓர் அறையில் அதை வைத்து நிறுப்பார்கள். நிறுப்பவர் ஒருவர்தான். நாற்பது வயது இருக்கும், திடமான ஆள். அவரைத்தான் தராசு அண்ணாச்சி என்பார்கள். அவர் மனைவி முதல் தொட்டியில் நூல் பிழியும் வேலை செய்தாள்.

அந்த அறையைப் பற்றிப் பெண்கள் பேசுவது ஒரு மாதிரி இருக்கும். கொட்டகை முழுக்கப் பல்லி உண்டு, அங்கே மட்டும் பல்லிச் சத்தம் கேட்டதில்லை என்பார்கள். உள்ளே போய் வருகிறவன் சிரித்துக்கொண்டு வருவான், சாயங்காலம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவான் என்பார்கள். முதலாளி அதன் கதவு நிலைக்கு மேலே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருந்தார். எனக்கு அதில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஒருநாள் அண்ணாச்சியிடமே கேட்டேன்.

"உள்ள போனா யாரோ பேரைச் சொல்லிக் கூப்பிடுத மாதிரி இருக்கும் டீச்சர்" என்றார்.

"பயமா இருக்காதா?"

"பயம்லாம் இல்ல. சொகமா இருக்கும். வெளிய வர மனசே வராது."

அவர் மனைவி ஒரு மத்தியானம் என்னை அவர்கள் வீட்டுக்குக் கூப்பிட்டாள். பட்டறைக்குப் பின்னால் இருந்த வளவில்தான் வீடு. கொடியில் அவருடைய வெள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அதன் முதுகில், தோளில், இரண்டு கைகளின் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. யாரோ பின்னாலிருந்து அவரை இறுகப் பிடித்ததுபோல.

"நான் சோப்புப் போட்டு வெள்ளையாத்தான் அலசுனேன் டீச்சர். பிழியும்போதே தன்னால வந்துச்சு" என்றாள். "யாரு கை இது?"

நான் சட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பிறகு அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். அவள் கை நாள் முழுக்க முதல் தண்ணீரில் ஊறிய கை. அவர் சட்டையில் இரண்டாவது தண்ணீர் தெறித்திருந்தது. அவள் பிழிந்த இடத்தில் இரண்டும் சேர்ந்து சிவந்திருக்கின்றன. அவள் விரல்களை அந்தச் சிவப்பின் மேல் வைத்துக் காட்டினேன். அச்சாகப் பொருந்தியது.

அவளுக்கு நிம்மதி வரும் என்று நினைத்தேன். அவள் சட்டையையும் தன் கையையும் மாறிமாறிப் பார்த்தாள். "அப்போ இது எங்க உடம்புக்குள்ளயும் போயிருக்கும்லா?" என்று கேட்டாள். உள்ளே கூட்டிப்போய் அவருடைய தலையணையைக் காட்டினாள். அதில் ஒரு முகத்தின் பக்கவாட்டு உருவம், மூக்கும் தாடையும் தெரியும்படி, மஞ்சளாகப் படிந்திருந்தது. அவள் கேள்விக்கு நான் படித்ததில் பதில் இருந்திருக்கும். எங்கள் பாடப் புத்தகத்தில் அந்தத் தூளைப் பற்றிய பத்தியில் விஷம் என்று ஒரு வார்த்தை இருந்தது. பரீட்சைக்கு அது வராது என்று நான் தாண்டிப் போயிருந்தேன்.

அடுத்த மாதம் அண்ணாச்சி ஒரு கல்யாணத்துக்குப் போக, முதலாளி என்னை நிறுக்கச் சொன்னார். அரை மணி நேரம் அந்த அறையில் இருந்தேன். யாரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆனால் வெளியே ஓடிய தறிகளின் சத்தம் மெல்ல மெல்லத் தூரம் போய், தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல ஆனது. உடம்பில் எடையே இல்லை. கதவைத் திறந்து வந்தபோது, வாசலில் நின்ற இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துப் பின்னால் நகர்ந்தார்கள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

"டீச்சர், எதுக்குச் சிரிக்கிய?" என்றாள் ஒருத்தி.

நான் சிரித்துக்கொண்டிருப்பது எனக்கே தெரியாது.

இவ்வளவும் நடந்த பிறகுதான் அந்த நீல உதட்டு நாள் வந்தது. நல்ல வெயில் காலம். வியர்வையில் அந்தத் தூள் தோலுக்குள் வேகமாக இறங்கும் என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். குழாயடியில் சிரித்துவிட்டு எழுந்தவர் நாலு எட்டு வைத்து, நூல் சிப்பங்களின் மேல் மெதுவாகச் சாய்ந்தார். காது மடலும் உதடும் ஈயப் பாத்திரத்தின் நிறத்தில் இருந்தன. பெண்கள் முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். ஒருத்தி திருநீறு கொண்டுவர ஓடினாள். முதலாளி சட்டென்று வாடகைக் கார் பிடித்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். நானும் அண்ணாச்சியின் மனைவியும் பின்னால் ஏறிக்கொண்டோம்.

திருநெல்வேலி பெரியாஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் ஊசியில் அவர் ரத்தத்தை இழுத்தார். கருப்பட்டிப் பாகு மாதிரி வந்தது. சிவப்பே இல்லை. டாக்டர் அதை ஒரு வெள்ளைத் தாளில் சொட்டுவிட்டு ஆட்டி ஆட்டிப் பார்த்தார். காற்றுப் பட்டும் அது சிவக்காமல் பழுப்பாகவே இருந்தது.

"இவர் என்ன வேலை பார்க்கிறார்?" என்று என்னைக் கேட்டார். சொன்னேன். தூளின் முழுப் பெயரையும் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இவ்வளவு தெரிந்தும் அங்கே இருக்கிறீர்களா?"

பிறகு ஒரு மருந்தை எடுத்துவரச் சொன்னார். கண்ணாடிக் குப்பியில் மை போன்ற கருநீலத் திரவம். எனக்கு அதைத் தெரியும். மெத்திலீன் நீலம், அதுவும் ஒரு சாயம்தான். தூள் கெடுத்த ரத்தத்தை அது மீட்கும் என்றார் டாக்டர். அதை அவர் நரம்பில் மெதுவாக ஏற்றினார்கள். நீலமாகிப் போனவருக்குள் இன்னும் நீலம் இறங்குவதைப் பார்க்க முடியாமல் அவர் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அரை மணியோ முக்கால் மணியோ போயிருக்கும். முதலில் அவர் உதட்டின் நடுவில் ஒரு வெளிர்சிவப்பு தெரிந்தது. பிறகு அது ஓரங்களுக்குப் பரவியது. அவர் கண் திறந்து, "இப்பக் கூப்பிடுத சத்தம் நின்னுட்டு" என்றார்.

அந்த டாக்டர்தான் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதியிருக்க வேண்டும். பத்து நாளில் ஆய்வாளர் வந்தார். குட்டையான மனிதர், குடையும் தோல்பையுமாக. குரலை உயர்த்தவே இல்லை. வருகைப் பதிவேட்டைக் கேட்டார். அதில் ஒன்பது பேர் இருந்தார்கள். மின்சாரம் வைத்து ஓட்டுகிற இடத்தில் பத்து பேர் இருந்தால்தான் சட்டப்படி தொழிற்சாலை. ஒன்பது என்றால் அவர் திரும்பிப் போகலாம். அவர் பேனா முனையால் ஆட்களைத் தொடாமல் தொட்டு எண்ணினார். என்னிடம் வந்து நின்றார்.

"அது நமக்கு வேண்டப்பட்ட வாத்தியார் வீட்டுப் பிள்ளை சார். சும்மா வந்திருக்கு" என்றார் முதலாளி.

ஆய்வாளர் என்னையே பார்த்தார். "நீங்க இங்க வேலை பார்க்கிறீங்களாம்மா?"

எல்லோருக்கும் கணக்குத் தெரியும். என் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. நான் இல்லை என்று சொன்னால் போதும், அவர் போய்விடுவார். மறுநாள் அந்த அறைக்கு வேறொருவர் போவார்.

"ஆமா சார். மூணு வருஷமா" என்றேன்.

அவர் போட்டுவிட்டுப் போன உத்தரவு ஒரு பக்கம். அந்தத் தூளைக் காற்றில்லாத அறையில் நிறுக்கக் கூடாது. காற்றை வெளியே இழுக்கும் விசிறி, கையுறை, முகமூடி வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை. முடியாவிட்டால் அந்தத் தூளை விட்டுவிட வேண்டும். அதுவரை அறைக்குப் பூட்டு.

மறுநாள் முதலாளி பேசினார்.

"வாயைத் தொறந்தது நீதான? செவப்பையும் நீயே கொண்டா பாப்போம். இந்தச் சட்டம் எழுதுனவன் ஒருநாள் வந்து நூல நனைச்சிருப்பானா? கேட்டா ரூல்ஸ்ங்கான். தொழில் செத்த பொறவு ரூல்ஸ வச்சு என்ன செய்ய?"

சிவப்பு நின்றதும் பட்டறையில் பாதி வேலை போயிற்று. பெண்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தார்கள். என்னைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். நான் எனக்கே தெரியாமல் சிரித்த நாளில்கூட அவர்கள் முகத்தில் அவ்வளவு விலகலைப் பார்த்ததில்லை. வடக்கு அறையின் பூட்டு மேல் யாரோ தினமும் பூ வைத்தார்கள். அது கோபமா வேண்டுதலா என்று எனக்குத் தெரியவில்லை. காலையில் வரும்போது கதவுக்கு அடியிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள் கசிந்து வந்திருக்கும். கழுவிவிட்டால் மறுநாளும் வந்திருக்கும். உள்ளே யாரும் இல்லை, டிரம்முகள் மூடியிருந்தன. தரை குடித்திருந்ததை ஈரம் வெளியே கொண்டுவருகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதுவரை சாயக் கம்பெனி விற்பனையாளர் இரண்டு வருடமாகக் கொண்டுவந்து காட்டி, முதலாளி தொட்டும் பார்க்காத ஒரு புதுச் சாயம் இருந்தது. ரியாக்டிவ் என்பார். உப்பும் சோடாவும் போட்டுச் சாதாரணத் தண்ணீரிலேயே செய்யலாம், நூலோடு சேர்ந்துகொள்ளும், ஐஸ் வேண்டாம், அந்த மஞ்சள் தூள் வேண்டாம். "ஓடுத வண்டிய எதுக்கு நிறுத்தணும்?" என்று முதலாளி அவரை அனுப்பிவிடுவார். இப்போது வண்டி நின்றுவிட்டது. நான் மாதிரிப் பொட்டலங்களைப் பிரித்தேன்.

முதல் மாதம் வந்தது செங்கல் நிறம். உப்பைக் கூட்டினேன், சோடாவைக் குறைத்தேன், நேரத்தை நீட்டினேன். அரக்கு வந்தது, காவி வந்தது, நோயாளியின் நாக்கு மாதிரி ஒரு சாம்பல் சிவப்பு வந்தது. இருபத்தெட்டு நூல் கண்ணிகளை, கைப்பிடி அளவுச் சுருள்களை, ஆணியில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தேன். எதுவும் குங்குமம் இல்லை. விற்பனையாளர் தன் ஊரில் செய்த கண்ணியை வைத்துப் பார்த்தால் அது சுடர்விட்டது. அதே பொட்டலம், அதே அளவு, அதே நேரம். இங்கே வந்தால் செத்துப்போகிறது. பெண்கள் சொன்னார்கள், அறையைப் பூட்டினதால் அதில் இருந்தது கோபித்துக்கொண்டு சிவப்பை வரவிடாமல் செய்கிறது என்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நூல் காயப்போடும் வேலைக்கு மாறியிருந்த அண்ணாச்சி மட்டும் நூலை உதறி விரித்துக்கொண்டிருப்பார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. கிணற்றடிக்குப் போக முடியாமல், ஓட்டிலிருந்து விழுந்த தண்ணீரைப் பாத்திரத்தில் பிடித்து ஒரு கண்ணியைப் போட்டேன். வேறு வழி இல்லாமல் செய்ததுதான். முக்கால் மணி கழித்து எடுத்து அலசினேன். கையில் இருந்தது குங்குமம்.

நான் கத்தியிருக்க வேண்டும். எல்லோரும் ஓடிவந்தார்கள். அண்ணாச்சி கண்ணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். தூரத்தில் நின்ற பெண்கள் கிட்டே வரவில்லை. எனக்கு அந்த நொடியில் சந்தோஷத்தைவிட ஓர் அச்சம்தான் இருந்தது. இத்தனை நாள் வராதது மழையில் எப்படி வந்தது?

காரணம் எங்கள் கிணற்றுத் தண்ணீர். உடம்பில் சோப்பு நுரைக்காத உப்புத் தண்ணீர். அதில் இருந்த சுண்ணாம்புச் சத்து புதுச் சாயத்தைத் திரித்துவிட்டிருந்தது. பழைய முறையில் அது ஒரு பொருட்டாக இருக்கவில்லை, அதனால் எங்களில் யாரும் தண்ணீரைச் சந்தேகிக்கவில்லை. அந்தச் சுண்ணாம்பைக் கட்டிப்போடும் ஓர் உப்பைத் திருநெல்வேலியிலிருந்து வரவழைத்தேன். தை மாதம் கிணற்றுத் தண்ணீரிலேயே சிவப்பு வந்தது.

அதோடு நிற்கவில்லை. பழைய முறையில் எங்களால் நினைத்தும் பார்க்க முடியாத நிறங்கள் புதுச் சாயத்தில் இருந்தன. ஒருநாள் தொட்டியிலிருந்து மயில்கழுத்து நிறத்தில் நூல் ஏறியபோது பட்டறையே வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றது. அந்த வருடம் கடையநல்லூர், ராஜபாளையம் கடைக்காரர்கள் எல்லாம் அந்த மயில் நிறத்துக்காக வந்தார்கள். முதலாளி அவர்களிடம், "சட்டம் வந்துச்சு, நம்மளும் ஒரு வழி கண்டுபிடிச்சோம்லா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பொய் இல்லை. அந்த உத்தரவு வந்திராவிட்டால் அந்தப் பொட்டலங்களை யாரும் பிரித்திருக்க மாட்டோம். ஆனால் சிவப்பு நின்றிருந்த மாதங்களில் வேலையை விட்டுப் போன நாலு பெண்கள் திரும்பி வரவே இல்லை. அதுவும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்ல எனக்கு இன்னும் ஒரே வாக்கியம் கிடைக்கவில்லை.

நிறுவை அறையைத் திறந்தபோது அதில் டிரம்முகள் இல்லை. முதலாளி எப்போதோ விற்றிருந்தார். வாங்கியவர் சிவகிரி பக்கம் ஒரு சின்னப் பட்டறைக்காரர் என்று அண்ணாச்சி விசாரித்துச் சொன்னார். "அந்த நாலு பிள்ளைகள்ல ரெண்டு பேரு அங்கனதான் இருக்காவ டீச்சர்."

ஆய்வாளருக்குக் கடிதம் எழுதினேன். பதில் வந்தது, மரியாதையான பதில். அந்த இடத்தில் வேலை செய்வோர் எட்டுப் பேர், ஆகவே அது சட்டத்தின் எல்லைக்குள் வராது என்று. அதற்குள் வடக்கே ஒரு பெரிய ஆலையில் விஷவாயு கசிந்து ஊரே செத்துக் கிடந்த படங்கள் பத்திரிகையில் வந்திருந்தன. பெரிய ஆலைகளுக்குக் கெடுபிடி கூடிவிட்டது என்று எல்லோரும் பேசினார்கள். எட்டுப் பேர் வேலை செய்யும் ஓலைக் கொட்டகையைப் பற்றி யார் பேசுவார்கள்?

அப்பாவிடம் சொல்லிவிட்டு ஒரு சனிக்கிழமை சிவகிரி பஸ்ஸில் ஏறினேன். உச்சி வெயில். பட்டறையை விசாரிக்கவே வேண்டியிருக்கவில்லை. தெருச் சாக்கடை சிவப்பாக ஓடியது, அதன் பின்னாலேயே போனேன். பட்டறைக்காரர் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மஞ்சள்காமாலை என்றார்கள். அவர் மனைவிதான் நடத்தினாள். முப்பது வயதுகூட இருக்காது. தூளையும் அவளே நிறுத்தாள். நான் உத்தரவு, விஷம், ரத்தம் என்று சொல்லச் சொல்ல அவள் முகம் மாறவில்லை.

"நீங்க சொல்லுதது சரிதான்க்கா. இத விட்டா நான் என்னத்தப் போடட்டும்?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அது என் முதலாளியின் பட்டறை ரகசியம். தண்ணீருக்கு எந்த உப்பு, எவ்வளவு, சோடா எப்போது என்று என் நோட்டில் இருந்ததை ஒரு தாளில் எழுதி நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுக்கா. சொல்லுங்க, மனசுல வச்சுக்கிடுதேன்."

சொன்னேன். ஒவ்வொரு வரியாக அவள் திருப்பிச் சொன்னாள். பிழை இல்லாமல் இரண்டு தடவை சொல்லிவிட்டு, "இதுக்கு ஐஸ் வேண்டாமாக்கா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அப்போதுதான் முதல்முறையாக அவள் கண்ணில் ஓர் அசைவு தெரிந்தது. வாரத்துக்கு மூன்று நாள் மரத்தூளில் பொதிந்து ஐஸ் கொண்டுவர ராஜபாளையத்துக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தவள் அவள்.

விஷயம் முதலாளிக்குப் போய்ச் சேர ஒரு மாதம் ஆயிற்று. அவர் கத்தவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா டீச்சர்" என்றார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரா என்று நானும் கேட்கவில்லை. அந்த ஜூனில் பட்டறையை விட்டு விலகி ஒரு பள்ளிக்கூடத்தில் ரசாயன ஆசிரியை ஆனேன். சிவகிரிப் பெண் பழைய தூளை அதே கோடையில் விட்டுவிட்டாள் என்று அண்ணாச்சி வந்து சொன்னார். விஷத்துக்குப் பயந்தா, ஐஸ் மிச்சம் என்றா என்று அவருக்கும் தெரியவில்லை.